நாளொன்றுக்கு ஒரு தீப்பெட்டி

2019 ஜூலையில் இந்திய உழைப்பாளிக்கு ஒரு கூலி உயர்வு கிடைத்தது. தேசிய அடிமட்டக் கூலி நாளொன்றுக்கு 176 ரூபாயிலிருந்து 178 ரூபாயாக உயர்கிறது என்று அப்போதைய ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார் அறிவித்தார். உயர்வு இரண்டு ரூபாய். அச்சுப்பிழை இல்லை, பக்கத்தில் இருந்த சைபர் எதுவும் உதிர்ந்து விழவில்லை. 176 நிர்ணயிக்கப்பட்டது 2017-இல். ஆக இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்து, வருடத்துக்கு ஒரு ரூபாய் வீதம் மனமிரங்கியிருக்கிறார்கள்.

நன்றி கெட்ட ஜனங்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அரசாங்கம் ஒன்று கொடுத்தால் அதை மரியாதையாகச் செலவு செய்யத் தெரிய வேண்டும். வடலூர் நாலுமுனைச் சந்திப்பில் நின்றுகொண்டு, கும்பகோணம் போகிற பஸ்ஸையும் விருத்தாசலம் போகிற லாரியையும் விட்டுவிட்டு, கடைகளை வரிசையாகப் பார்த்தேன். இரண்டு ரூபாய்க்கு டீ கிடையாது. உளுந்து வடையில் நடுவில் இருக்கும் ஓட்டை வேண்டுமானால் கிடைக்கும். ஷாம்பு பாக்கெட் கிடைக்கும். ஆனால் தலையை அலசத் தண்ணீர் வேண்டும். நெய்வேலிச் சுரங்கம் மூழ்கிவிடக் கூடாதென்று பூமிக்கடியில் இருக்கிற ஊற்றையெல்லாம் ராப்பகலாக இறைத்து வெளியே கொட்டுகிற வட்டாரத்தில் இருந்துகொண்டு அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

கடைசியில் சிவகாசிக்காரர்கள் வழி காட்டினார்கள். 14 வருடமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். கணக்கு நேராகிவிட்டது. இந்திய அரசு உழைப்பாளிக்குக் கொடுத்த உயர்வு, நாளொன்றுக்கு ஒரு தீப்பெட்டி. கோடிக்கணக்கான பசித்த ஜனங்களின் கையில் தினம் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற தைரியம் வேறு எந்த அரசாங்கத்துக்கு உண்டு?

இந்த 178 வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு முன் ஒரு நிபுணர் குழு போட்டார்கள், அனூப் சத்பதி தலைமையில். அவர்கள் 2019 தொடக்கத்தில் கொடுத்த அறிக்கை, குறைந்தது 375 ரூபாயாவது வேண்டும் என்றது. குழுவுக்குக் காகிதச் செலவு, காப்பிச் செலவு எல்லாம் ஆன பிறகு அமைச்சர் அதில் பாதிக்கும் கீழே இறங்கி நின்றார்.

கூலியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பது தனிப் புராணம். 1957 மே 20 அன்று நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதே வருடம் ஜூலையில் டெல்லியில் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடி, ஒரு தொழிலாளி உயிரோடு இருக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி. குடியிருக்க வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். குடும்பம் என்றால் எத்தனை பேர்? தொழிலாளி ஒரு ஆள். மனைவி 0.8 ஆள். பிள்ளைகள் இரண்டு பேர், தலைக்கு 0.6. ஆக மொத்தம் மூன்று ஆள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தானும் வேலைக்குப் போகிறவள் 0.8. அம்மா அப்பா? சைபர். பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கில் இலை கிடையாது.

ஆனாலும் அந்த மாநாட்டை நான் கும்பிடுகிறேன். பசி என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை படிப்பு, வைத்தியம், பண்டிகை என்றும் மனிதனுக்குச் செலவு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கண்டுபிடிக்க 1991 ஆயிற்று. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர்கள் போட்ட வழக்கில், மேற்கொண்டு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைச் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

2019 குழு கொஞ்சம் நவீனமானது. இப்போதெல்லாம் வேலையில் முன்போல அவ்வளவு உடம்பு நோவதில்லை என்று சொல்லி 2,700 கலோரியை 2,400 ஆக்கியது. அந்தக் குறைந்த சாப்பாட்டுக்குத்தான் 375 ரூபாய். அதையும் கொடுக்க முடியாது, 178 தான் என்றால், அதே விகிதத்தில் சுருக்கினால் 1,139 கலோரி வருகிறது. தேசத்தின் ஜி.டி.பி. வளர வளர உழைப்பாளியின் வயிறு சுருங்க வேண்டும் என்பது எந்தப் பொருளாதாரப் பள்ளிக்கூடத்துப் பாடமோ!

உடனே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். "178 எல்லாம் காகிதத்துல சார். நெய்வேலியில அந்தக் கூலிக்கு எவன் வரான்?" வாஸ்தவம்தான். 2024 அக்டோபர் கணக்குப்படி, ஒன்றிய அரசின் கீழ் வரும் கட்டட வேலை, துப்புரவு, மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் பெருநகரங்களில் 783 ரூபாய். தமிழ்நாட்டு நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் 336. ஒரே நாட்டில், ஒரே வெயிலில், ஒரே மண்வெட்டிக்கு 178, 336, 783 என்று மூன்று விலை. அரசாங்கமே தன் கையால் எழுதுகிற விலைகள் இவை. 178 காகிதத்தில் இருப்பது கூலி கொடுப்பதற்காக அல்ல. 400 கேட்பவனிடம் சட்டப்படி 178 தானே என்று சொல்வதற்காக.

இனி வசதியுள்ளவர்களின் பக்கம் வருவோம். அங்கே காற்று நன்றாக வீசுகிறது.

இரண்டு ரூபாய் அறிவித்து மூன்று மாதம்கூட முடியவில்லை. 2019 செப்டம்பர் 20. நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கினார். புதிதாக ஆலை தொடங்குகிறவர்களுக்கு 15. அரசுக்கு வருடத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அவர்களே சொன்னார்கள். நிபுணர் குழு இல்லை, கலோரி இல்லை, 0.8 ஆள் இல்லை. அன்றைக்கே அவசரச் சட்டம் வந்துவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு காகிதம் கிடந்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான், ஆகஸ்ட் 8 அன்று, கூலிச் சட்டத் தொகுப்புக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். அது அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. முதலாளிக்கு ஒரே நாள். தொழிலாளிக்கு ஆறு வருடம், மூன்று மாதம், சில்லறை.

1,45,000 கோடியை இரண்டு ரூபாய்களாக மாற்றிப் பார்த்தேன். மாதம் 26 நாள் வேலை என்றால் இரண்டு ரூபாய் உயர்வுக்கு ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 624 ரூபாய் ஆகும். அந்தத் தொகையை வைத்து 232 கோடிப் பேருக்கு இந்த உயர்வைக் கொடுக்கலாம். நாட்டில் இருப்பதோ சுமார் 140 கோடி. தொட்டில் பிள்ளை, தொண்ணூறு வயதுக் கிழவி எல்லாரையும் வேலைக்குச் சேர்த்துக் கொடுத்தாலும் மீதி இருக்கும்.

இதற்குப் பெயர் ஊக்கம். ரேஷன் கடையில் போடுகிற அரிசிக்குப் பெயர் இலவசம். அந்த அரிசியைப் பற்றிப் பேசும்போது நம் பொருளாதார நிபுணர்களுக்கு முகம் சுளிக்கிறது. இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், ஆள் கிடைப்பதில்லை, களையெடுக்க ஆள் இல்லை, செப்டிக் டேங்க் கழுவ ஆள் இல்லை. நான் இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு ஆளுக்கு உயிர் வாழ 375 வேண்டும், நீ 250 கொடுக்கிறாய். அவன் செத்துவிடவில்லை, மறுநாளும் ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்கிறான். மீதி 125-ஐ யார் கொடுத்தது? ரேஷன் கடை கொடுத்தது. அம்மா உணவகம் கொடுத்தது. கோயில் அன்னதானம் கொடுத்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு கொடுத்தது. அந்த ரேஷன் அரிசி உழைக்கிறவனுக்குப் போன இலவசம் என்றா நினைக்கிறாய்? அவனுக்கு முழுக் கூலி கொடுக்காமல் தப்பித்தாயே, உனக்குப் போன இலவசம் ஐயா அது! நீ சாப்பிடாமலே உனக்கு ஏப்பம் வருகிறது.

வடலூரில் இது இன்னும் உறைக்கும். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஜனங்கள் கொடுத்த நிலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், ஊர் கேட்காமல், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் மூன்று வேளையும் சோறு. மற்ற மகான்கள் மோட்சத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் சோற்றுப் பானைக்கு வழி சொன்னார். பயிர் காய்வதைப் பார்த்துத் தானும் வதங்கிய மனுஷன். அவர் பசியாற்றச் சொன்னது திக்கற்றவர்களுக்கு. முழுநேர வேலையில் இருப்பவன் திக்கற்றவனாகத் தட்டேந்தி வருவான் என்று அந்த ஜோதி ராமலிங்கருக்கே தோன்றியிருக்காது. கூலிக் கணக்கில் சைபர் போடப்பட்ட அப்பாவும் அம்மாவும் எங்கே சாப்பிடுவார்கள் என்று டெல்லியில் யாரும் கவலைப்பட்டதில்லை. 150 வருடமாக ஒருவர் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கிறார், பார்த்துக்கொள்வார்!

அந்த அடுப்பிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் இன்னொரு அணையாத அடுப்பு. நெய்வேலி அனல்மின் நிலையம். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி பிறந்தது. 2011-இல் நவரத்தினம் ஆனது. நவரத்தினத்தில் ஒன்பது கல் உண்டு என்பார்கள். நெய்வேலியில் இரண்டே கல், ஒன்று நிரந்தரம், இன்னொன்று காண்ட்ராக்ட்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். தலையில் ஹெல்மெட், கையில் தூக்குவாளி, முகத்தில் ஒரே பழுப்புக் கரி. யார் பர்மனென்ட், யார் காண்ட்ராக்ட் என்று பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. சம்பளச் சீட்டுக்குத் தெரியும். ஒரே பெல்ட்டில் ஒரே கரியை வழிக்கிற இருவரில், ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், போனஸ், பெரிய ஆஸ்பத்திரி. இன்னொருவருக்கு மேஸ்திரி. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1971-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் விதியே சொன்னது. பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு கேட் பாஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பேதம் ஒரே ஒரு இடத்தில்தான் செல்லாமல் போனது. 2020 ஜூலை 1, இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அதே நிலையத்தில் மே 7 அன்றும் வெடித்திருந்தது. நிரந்தரத் தொழிலாளியும் செத்தார், ஒப்பந்தத் தொழிலாளியும் செத்தார், அதிகாரியும் செத்தார். சம வேலைக்குச் சம நெருப்பு. நீதிமன்றம் சொல்லிக் கேட்காததை நீராவி நிறைவேற்றி வைத்தது.

2023 ஜூலை 26 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் செய், அதுவரை மாதம் 50,000 ரூபாய் கொடு என்றார்கள். ஐயோ, ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஐம்பதாயிரமா! கரி அள்ளுகிறவனுக்கா! அதே நாளில்தான் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் பரவனாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெல்லுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. ஒரு கையால் கூலி கேட்டவனைத் தள்ளு, மறு கையால் கூலி வேலை கொடுத்த வயலை வாரு. பயிரைக் கண்டு வதங்கிய மகானின் மாவட்டம்! பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு, அழித்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த வயலில் நடவு நட்டவளுக்கு, களை பறித்தவளுக்கு, அறுப்புக் கூலி வரும் என்று கடன் சொல்லி வைத்திருந்தவளுக்கு எத்தனை என்று உத்தரவில் தேடாதீர்கள். நிலம் இல்லாதவளுக்கு நஷ்டமும் இல்லை என்பது சட்டம்.

தமிழ்நாட்டில் கூலி உயர்வு கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. கீழ்வெண்மணியில் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 ராத்திரி பெண்களும் பிள்ளைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்களா என்று பிற்பாடு உயர் நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வந்தது, விடுதலை. அன்றும் தீப்பெட்டிதான் கிடைத்தது பாருங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேரைத் தாமிரபரணி கொண்டுபோனது. தடியடிக்கு மட்டும் அந்தக் காலத்திலும் பஞ்சப்படி நிலுவை வைத்ததில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே நாடகம். 2024 மே 1 அன்று கொட்டகலையில் மேடை போட்டு, மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முழங்கினார். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. செப்டம்பரில் அது 1,350 ஆகக் கீழே வந்து சேர்ந்தது. மே தினத்தில் மேலே ஏறுவதும் மழைக்காலத்தில் கீழே இறங்குவதும் தேயிலைக்குப் பழகிப்போன சீதோஷ்ணம்.

கூலி கேட்காமலே உயர்கிற இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 2025 மார்ச்சில் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆயிற்று. 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு, நிலுவையோடு. கூட்டத்துக்கு வந்தால் தினப்படி 2,000-லிருந்து 2,500. உயர்வு மட்டும் 500. விலைவாசி ஏறினால் தானாக ஏறும்படி 2018-லேயே சட்டத்தில் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எவரும் கேட் முன்னால் உட்காரவில்லை, எவர் மண்டையும் உடையவில்லை. இவர்கள்தான் உழைப்பாளிக்கு 178 போதும் என்று கண்டவர்கள்.

எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 2025 ஜனவரியில் ஒரு ஞானம் சொன்னார். வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று. அவருக்கு 2023-24-இல் கிடைத்த சம்பளம் 51 கோடி, அவருடைய கம்பெனி ஊழியரின் நடுத்தரச் சம்பளத்தைப்போல 534 மடங்கு. 178 ரூபாய்க்காரன் அந்த 51 கோடியைச் சம்பாதிக்க, மாதம் 26 நாள் உழைத்தால் 9,180 வருடத்துக்கு மேல் ஆகும். சிந்துவெளியில் செங்கல் சூளை போடுவதற்கு நாலாயிரம் வருடத்துக்கும் முன்னாலேயே அவன் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையும் போனால் ஏறக்குறைய 7,850 வருடத்தில் முடிந்துவிடும். 1,300 வருடம் மிச்சம்! பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும்.

தாமஸ் பிக்கெட்டியும் கூட்டாளிகளும் 1922 முதல் இந்தியாவின் வருமானக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2022-23-இல் மேல்தட்டு ஒரு சதவீதம் பேரிடம் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம், சொத்தில் 40.1 சதவீதம். வருமானத்தில் வெள்ளைக்காரன் காலத்தைக்கூடத் தாண்டிவிட்டோம் என்கிறார்கள். சுதந்திரம் வாங்கியது வீண் போகவில்லை.

அம்பானியையும் சுப்ரமணியனையும் திட்டுவது சுலபம், அவர்கள் நம் தெருவில் குடியிருக்கவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் நுழைவோம். மாமர நிழல், வாசலில் கோலம், உள்ளே ஓய்வுபெற்ற ஒரு சார். ஊர் பேர் வேண்டாம், நீங்கள் பத்துப் பேரையாவது பார்த்திருப்பீர்கள். இளமையில் தொழிற்சங்கக் கொடி பிடித்தவர், ஊதிய ஒப்பந்தத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவர். காலைப் பேப்பரில் காண்ட்ராக்ட்காரர்களின் போராட்டத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். பாத்திரம் தேய்த்து முடித்த பெண் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். வடலூரிலிருந்து வருகிறவள், இரண்டு மணி நேர வேலை, மாதம் 1,500 ரூபாய். வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது, அந்தப் பழைய கணக்கிலேயே 2,220 வருகிறது. அது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

"சார், ஒரு முந்நூறு ஏத்திக் குடுங்க சார். பஸ்ஸுக்கே பத்தல."

"போன வருஷந்தானேம்மா நூறு ஏத்துனேன்?"

"கேஸு, பையன் ஃபீஸு, எல்லாம் ஏறிப்போச்சு சார்."

"எனக்கு மட்டும் பென்ஷன் கொட்டுதா? தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"சரிங்க சார்."

தை பிறக்கிறது. பூசம் வருகிறது. ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம், லட்சக்கணக்கில் ஜனம். சார் பக்திமான். வருடா வருடம் தவறாமல் அன்னதானப் பந்தலுக்கு அரிசி மூட்டைக்கென்று 10,000 ரூபாய் கொடுக்கிறார், உபயதாரர் போர்டில் மூன்றாவது பெயர் அவருடையது. அன்றைக்கு வேலைக்கு லீவு சொன்ன அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். கரண்டியோடு நிற்கிற சாரைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. "கூச்சப்படாதம்மா, நல்லா வாங்கிச் சாப்புடு" என்று இன்னொரு கரண்டி சேர்த்தே போடுகிறார்.